பிளீச்சிங் பவுடரைப் பாழாக்குவது எப்படி?

உங்கள் வீட்டுக் கொல்லையிலோ குளியலறை ஜன்னல் திட்டிலோ வாய் திறந்த பிளீச்சிங் பவுடர் பாக்கெட் ஒன்று இந்நேரம் உட்கார்ந்திருக்கும். நல்லது. பாதி வேலை முடிந்துவிட்டது. மீதியை முறையாகச் செய்து முடிக்க இந்த வழிகாட்டி போதும்.

முதலில் எதிராளியைத் தெரிந்துகொள்ளுங்கள். உலர்ந்த நீற்றுச் சுண்ணாம்பின் மேல் குளோரின் வாயுவைச் செலுத்தினால் கிடைப்பதுதான் இந்தப் பவுடர். துணி வெளுப்பதற்காக 1799இல் இதற்குக் காப்புரிமை வாங்கியவர் கிளாஸ்கோக்காரரான சார்லஸ் டென்னன்ட். புதுப் பவுடரின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வேலைக்கு உதவும் குளோரின். தண்ணீரில் கரைத்தால் அதிலிருந்து ஹைப்போகுளோரஸ் அமிலம் பிறக்கும். ஹைட்ரஜன், ஆக்சிஜன், குளோரின் ஆகியவற்றில் ஒவ்வொன்று, மூன்றே அணு. மின்னேற்றம் இல்லாத சிறிய மூலக்கூறு என்பதால் கிருமியின் சவ்வைச் சுலபமாகத் தாண்டி உள்ளே போய் அதன் புரதங்களைச் சிதைத்துவிடும். இப்படிப்பட்ட ஒன்றை வீணடிப்பது கஷ்டம் என்று தோன்றும். பயப்படாதீர்கள், கைவந்த கலைதான்.

படி 1. வாங்கும்போது தயாரித்த தேதியைப் பார்க்காதீர்கள். மூட்டையைப் பிரித்து வாசலில் வெயிலில் வைத்து, கிலோக் கணக்கில் அள்ளிக் கொடுக்கிற கடையாகத் தேடுங்கள். வருகிற அலுப்பில் பாதியைக் கடைக்காரரே முடித்துக் கொடுத்துவிடுவார்.

படி 2. திறந்தே வையுங்கள். வெளிச்சம், சூடு, ஈரம், காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு இவை நான்கும் இந்தப் பவுடருக்கு ஆகாது. நான்கும் ஒருசேரக் கிடைக்கும் இடம் வீட்டில் குளியலறைதான், அங்கேயே இருக்கட்டும். உள்ளே நுழைந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி அடிக்கிறதா? “நல்ல ஸ்ட்ராங்கான பவுடர்” என்று சொல்லிக்கொள்ளுங்கள். காசு கொடுத்து வாங்கிய குளோரின் ஜன்னல் வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது என்று யாராவது விளக்க வந்தால் கேட்காதீர்கள். சில மாதங்களில் நெடியும் அடங்கி, பவுடர் கட்டிதட்டி, சுண்ணாம்பு வகையறாவும் கால்சியம் குளோரைடும் மிஞ்சும். அப்போதும் தூக்கி எறிய வேண்டாம். இன்னும் வெள்ளையாகத்தானே இருக்கிறது.

இரும்பு டப்பாவில் போட்டு வைத்தால் டப்பாவும் அரித்துப்போகும். ஒரே செலவில் இரண்டு.

படி 3. கோடு போடுங்கள். இது நம் மண்ணின் சிறப்புப் பாடம், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

அமைச்சர் வருகிறார், தேர் வருகிறது, கல்யாண ஊர்வலம் வருகிறது என்றால் அதிகாலையில் சாலையின் இரு ஓரமும் பிளீச்சிங் பவுடரால் கோடு இழுக்கச் சொல்லுங்கள். கோடு நேராக இருக்க வேண்டும். அதற்கு மேல் அதனிடம் எதையும் எதிர்பார்க்கக் கூடாது. தண்ணீரே படாத தார்ச் சாலையில் உலர்ந்த பவுடரால் ஹைப்போகுளோரஸ் அமிலத்தைத் தர முடியாது. கிருமிக்கும் அந்த வெயில் சாலையில் பெரிதாக வேலை இல்லை. ஆக இரு தரப்பும் சந்திக்காமலே மதியத்துக்குள் விவகாரம் முடிந்துவிடும். அமைச்சரின் கார் கண்ணாடி ஏற்றியிருக்கும் என்பதால், டயர் கிளப்பும் தூசி பின்னால் வருகிற பைக்காரர்களுக்கு மட்டும் போய்ச் சேரும்.

தூவுகிற தூய்மைப் பணியாளருக்குக் கையுறை, முகக்கவசம் எல்லாம் கொடுத்துப் பழக்கிவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் முறமும் வெறுங்கையும் போதும். அவர் இருமினால் வெயில் என்று சொல்லுங்கள்.

மிச்சம் இருப்பதைக் குப்பைமேட்டின் தலையில் கொட்டுங்கள். அழுகிய இலை, சோறு, சேறு என்று கரிமப் பொருள் எது கிடைத்தாலும் குளோரின் அதனோடுதான் முதலில் மல்லுக்கு நிற்கும். கிருமியின் முறை வருவதற்குள் கை காலியாகிவிடும். முதலில் கூட்டி, கழுவி, அப்புறம் கரைசலை ஊற்றி, பத்து நிமிடமாவது விட வேண்டும் என்று சுகாதாரத் துறைக்காரர்கள் சொல்வார்கள். கழுவிய தரையில் மருந்து தெளித்தால் யார் கண்ணுக்குத் தெரியும்?

படி 4. மனிதர்கள் மேலும் தெளியுங்கள். இதில் நமக்கு நாடறிந்த முன்னுதாரணம் உண்டு. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர்ச் சந்தை வாசலில் கிருமிநீக்கச் சுரங்கம் ஒன்றை நிறுத்தினார்கள். கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடந்தால் சோடியம் ஹைப்போகுளோரைட் கலந்த பனித்துளி மேலே விழும். படம் நாடு முழுக்கப் பரவியது, ஊர் ஊராகச் சுரங்கம் முளைத்தது. அதற்குச் சில நாள் முன்னால் உத்தரப் பிரதேசத்தின் பரேலியில், ஊர் திரும்பிய தொழிலாளர்களைக் குழந்தை குட்டியோடு சாலையில் உட்காரவைத்து இதே திரவத்தைக் குழாயால் பீய்ச்சினார்கள். மனிதர் மேல் இதைத் தெளிக்காதீர்கள், கண்ணும் தோலும் சுவாசக் குழாயும் எரியும், உடம்புக்குள் போய்விட்ட வைரஸை இது ஒன்றும் செய்யாது என்று மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுரை வெளியிட்டது அதே ஏப்ரல் 18ஆம் தேதிதான். இடையில் இருந்த அந்த நாட்களில் நாம் எவ்வளவு தூய்மையாக உணர்ந்தோம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

படி 5. குளியலறைக்கு வாருங்கள். போர்வெல் தண்ணீரில் டைல்ஸ் முழுக்க உப்புக் கறை. கடையில் பாட்டிலில் விற்கும் ஆசிட் வாங்கி வந்திருக்கிறீர்கள். ஏற்கெனவே வீட்டில் பிளீச்சிங் கரைசலும் இருக்கிறது. தனித்தனியாக இரண்டும் நன்றாக வேலை செய்கிறதே, சேர்த்தால் இரட்டிப்பாகுமே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். தோன்றாத வீடு அபூர்வம்.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டு செய்யுங்கள். பிளீச்சில் உள்ள ஹைப்போகுளோரைட்டும் அந்த ஆசிட்டில் உள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சந்தித்த நொடியில் குளோரின் வாயு வெளியே வரும். டென்னன்ட் கஷ்டப்பட்டுச் சுண்ணாம்பில் கட்டிப்போட்டதை நீங்கள் அவிழ்த்துவிடுகிறீர்கள். 1915 ஏப்ரல் 22 அன்று பெல்ஜியத்தின் ஈப்ரு அருகே ஜெர்மன் படை சிலிண்டர் சிலிண்டராகத் திறந்துவிட்டது இதே வாயுவைத்தான். அவர்களுக்குக் காற்று சாதகமாக வீசும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உங்கள் குளியலறையில் காற்றே கிடையாது, அந்தத் தொல்லை இல்லை.

ஆகவே கதவைச் சாத்திக்கொள்ளுங்கள். எக்சாஸ்ட் ஃபேனைப் போடாதீர்கள், கரண்ட் பில் ஏறும். குளோரின் காற்றைப் போல இரண்டரை மடங்கு கனம், தரையை ஒட்டியே தங்கும். குந்தி உட்கார்ந்து தேயுங்கள், முகம் சரியான உயரத்துக்கு வரும். கண் எரிந்து, இருமல் வந்து, நெஞ்சு இறுகினால் “கறை விடுகிறது” என்று எடுத்துக்கொள்ளுங்கள். உடனே வெளியே ஓடி நல்ல காற்றில் நிற்பவர்கள் பிழைத்துப்போகிறார்கள், கறை அப்படியே இருக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்து இருமல் தணிந்துவிட்டால் டாக்டரிடம் போக வேண்டாம்; நுரையீரலில் நீர் கோத்துக்கொள்வது அதற்குப் பிறகும் நடக்கக்கூடியது என்பதை அவர் சொல்லி, வீணாக ஒரு ராத்திரி ஆஸ்பத்திரியில் படுக்கவைப்பார்.

ஆசிட் வீட்டில் இல்லையா? நீல நிற பாட்டிலில் வரும் கழிவறைத் திரவத்திலும் பெரும்பாலும் அதே ஆசிட்தான். பின்பக்கம் பொடி எழுத்தில் “பிளீச்சுடன் கலக்காதீர்கள்” என்று போட்டிருக்கும். பொடி எழுத்தைப் படிக்கிறவர்களால்தான் இந்த நாட்டில் பல நல்ல முயற்சிகள் நின்றுபோகின்றன.

நீச்சல்குளத்திலும் இதே மூக்கை நம்புங்கள். உள்ளே போகும்போதே நெடி தூக்குகிறதா, “ஏகப்பட்ட குளோரின், சுத்தமான குளம்” என்று குதியுங்கள். அந்த நெடி பெரும்பாலும் குளோரமைன்களுடையது. குளோரின் வேர்வையோடும் சிறுநீரோடும் கலந்து பிறந்தவை அவை. நெடி எவ்வளவு அதிகமோ, உங்களுக்கு முன்னால் குளித்தவர்கள் அவ்வளவு தாராளமாக இருந்திருக்கிறார்கள்.

படி 6. காஞ்சிப் பட்டில் குங்குமக் கறையா? ஹைப்போகுளோரைட்டில் ஊறவையுங்கள். பருத்தி ஓரளவு தாங்கும். பட்டு என்பது புரதம். கிருமியின் புரதத்துக்கு நேர்வது அதற்கும் நேரும். மஞ்சளாகி, நைந்து, ஊறவைத்ததை மறந்துவிட்டால் கரைந்தும் போகும். வேட்டியில் துருக்கறை என்றாலும் இதையே ஊற்றுங்கள். இரும்பை மேலும் ஆக்சிஜனேற்றம் செய்து கறையை ஆயுளுக்கும் நிலைநிறுத்தித் தரும்.

படி 7. பிளஸ் டூ மாணவர்களுக்கு. குளோரினின் ஆக்சி அமிலங்கள் நான்கு: ஹைப்போகுளோரஸ், குளோரஸ், குளோரிக், பெர்குளோரிக். ஆக்சிஜன் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மனப்பாடம் செய்யுங்கள், எதற்கென்று கேட்காதீர்கள். ஆக்சிஜன் கூடக்கூட அமிலத்தன்மை கூடும் என்பது சரியான விடை. அதே மூச்சில், ஆக்சிஜன் கூடக்கூட ஆக்சிஜனேற்றும் வேகமும் கூடும் என்று எழுதி மதிப்பெண்ணை விடுங்கள். நிஜத்தில் ஒற்றை ஆக்சிஜனோடு திரிகிற ஹைப்போகுளோரஸ்தான் துடுக்குக்காரர். நான்கு ஆக்சிஜனை நான்கு பக்கமும் அரணாக நிறுத்திக்கொண்ட பெர்குளோரேட் அயனி, குளிர்ந்த நீர்த்த கரைசலில் சோம்பேறி, சண்டைக்கே வராது.

குளோரினின் உறவினரான புரோமினுக்கு அந்த நான்கு ஆக்சிஜன் நிலை கிடையாது என்று வேதியியலாளர்கள் நெடுங்காலம் நம்பினார்கள். பெர்புரோமேட் ஏன் இருக்கவே முடியாது என்பதற்குக் கொள்கை விளக்கங்களும் வந்துவிட்டன. 1968இல் அமெரிக்காவின் ஆர்கான் ஆய்வகத்தில் எவன் ஆப்பெல்மன் அதைச் செய்து காட்டிவிட்டார். மூன்று ஆண்டு கழித்து, ஹைப்போஃபுளோரஸ் அமிலத்தையும் சகா ஒருவரோடு சேர்ந்து பிரித்தெடுத்தார். இதிலிருந்து மாணவர்கள் கற்க வேண்டியது: உங்களால் செய்ய முடியாத ஒன்றைச் செய்யவே முடியாது என்று உடனடியாக நிரூபித்து வெளியிடுங்கள். கொஞ்ச காலமாவது நிற்கும்.

பெர்குளோரேட்டின் சோம்பலை நம்பி அதை மலையாகக் குவிக்கவும் செய்யலாம். சூடும் எரிபொருளும் சேர்ந்தால் அதன் தூக்கம் கலைந்துவிடும். பிஎஸ்எல்வி ராக்கெட்டின் முதல் நிலை எரிவது அம்மோனியம் பெர்குளோரேட்டை நம்பித்தான். 1986 ஜனவரியில் சேலஞ்சர் விண்கலம் வெடித்ததும் அமெரிக்க விண்கலப் பயணங்கள் நின்றன, அவற்றுக்கான பெர்குளோரேட்டை வாங்க ஆள் இல்லை. ஆனாலும் நெவாடாவின் ஹெண்டர்சனில் இருந்த பெப்கான் ஆலையில் சரக்கு சேர்ந்துகொண்டே போய், ஆயிரக்கணக்கான டன் ஆகிவிட்டது. கூப்பிடு தூரத்தில் இன்னொரு ஆலை, மார்ஷ்மெல்லோ மிட்டாய் செய்கிற இடம். 1988 மே 4 அன்று தீப்பிடித்து எல்லாம் வெடித்தபோது இரண்டு பேர் இறந்தார்கள், முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் காயமடைந்தார்கள், மிட்டாய் ஆலை தரைமட்டமானது. குவிப்பதற்கு இடம் தேடுகிறவர்கள் அக்கம்பக்கத்தில் என்ன செய்கிறார்கள் என்று விசாரிக்காமல் இருப்பது முக்கியம்.

படி 8. அதே குடும்பத்து அயோடினையும் விடக் கூடாது. சமையலறைக்குப் போய் உப்பை மாற்றுங்கள். பாக்கெட் உப்பில் பொட்டாசியம் அயோடேட் கலக்கிறார்கள். அயோடைடை விட்டு அயோடேட்டை எடுத்ததற்குக் காரணம் நம் புழுக்கம்தான்: ஈரக் காற்றில் அயோடைடு அயோடினாக மாறிப் பறந்துவிடும், அயோடேட் தாக்குப்பிடிக்கும். வீட்டுக்கு வரும்போது கிலோவுக்குக் குறைந்தது 15 மில்லிகிராம் அயோடின் இருக்க வேண்டும் என்பது விதி. நாளுக்குப் பத்து கிராம் உப்பு தின்கிற ஒருவருக்கு அதிலேயே 150 மைக்ரோகிராம் கிடைத்துவிடும். வளர்ந்த ஒருவருக்கு அன்றாடம் தேவை அவ்வளவுதான். இப்படிச் சத்தமில்லாமல் வேலை நடப்பது நமக்குப் பிடிக்காது. ஆகவே இயற்கை அங்காடியில் பல மடங்கு விலைக்கு இந்துப்பு வாங்குங்கள். ரோஜா நிறமாக, “ரசாயனம் கலக்காதது” என்ற சீட்டோடு இருக்கும். சோடியம் குளோரைடு என்பது மூலிகை என்று நம்பிக்கொள்ளுங்கள். வீட்டில் யாராவது கர்ப்பமாக இருந்தால் கட்டாயம் மாற்றுங்கள், வயிற்றுக் குழந்தையின் மூளைக்கு அயோடின் மிகவும் தேவைப்படுகிற நேரம் அது.

கல் உப்பே வேண்டும் என்றால், அழுக்கு போகக் கழுவிப் போடுங்கள். அழுக்கோடு அயோடேட்டும் போய்விடும்.

படி 9. கிணறு. இதில் தவறு செய்யத்தான் உண்மையான திறமை வேண்டும், ஏனென்றால் சரியான வழி அவ்வளவு எளிது.

விட்டத்தையும் தண்ணீரின் ஆழத்தையும் அளந்து கணக்குப் போடச் சொல்கிறார்கள். மூன்று மீட்டர் விட்டம், மூன்று மீட்டர் தண்ணீர் என்றால் ஏறத்தாழ 21,000 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் நல்ல பவுடர் என்ற வழக்கமான அளவில் மொத்தம் 53 கிராம். ஒரு கைப்பிடி. அதை வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, முக்கால் வாளி நிரப்பிக் கலக்கி, பத்து நிமிடம் சுண்ணாம்பு படிய விட்டு, தெளிந்த நீரை மட்டும் வேறு வாளியில் எடுத்து, கிணற்றுக்குள் இறக்கி, தண்ணீருக்கடியில் மேலும் கீழும் ஆட்டிக் கலக்க வேண்டும். ராத்திரி செய்துவிட்டால் காலையில் இறைக்கலாம்.

நீங்கள் என்ன செய்ய வேண்டும்? எதையும் அளக்காதீர்கள். ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரித்து மேலிருந்து கொட்டுங்கள். பவுடர் பழையதாக இருந்தால் சுண்ணாம்பு மட்டும் கலந்து, தண்ணீரின் கடினத்தன்மை கூடி, பருப்பு வேகாது. புதியதாக இருந்தால் வாயில் வைக்க முடியாது. தெருவே ஒரு வாரம் வேறு கிணறு தேடும், அந்தக் கிணற்றில் யாரும் எதுவும் போட்டிருக்க மாட்டார்கள். இரண்டில் எது நடந்தாலும் குறிக்கோள் நிறைவேறும். கொட்டிய கையோடு ஒரு குடம் இறைத்துக் குடியுங்கள். குளோரினுக்கு வேலை செய்ய ஒரு மணி நேரமாவது வேண்டும் என்கிறார்கள். நமக்கு அவ்வளவு நேரம் ஏது?

கிணறு இல்லாத ஊரில் மேல்நிலைத் தொட்டி இருக்கும். “சுத்தம் செய்த தேதி”, “அடுத்து சுத்தம் செய்யும் தேதி” என்று அதன் மேல் பெயின்டால் எழுதியிருப்பார்கள். தேதிக்குத் தேதி மறக்காமல் பெயின்ட் அடியுங்கள். உள்ளே இறங்க வேண்டியதில்லை.

படி 10. இவ்வளவுக்குப் பிறகும் யாராவது பவுடரைச் சரியாகப் பயன்படுத்தினால் அவரைக் கவனித்துக்கொள்ளுங்கள். வியன்னா பொது மருத்துவமனை வழிகாட்டியிருக்கிறது. 1847இல் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர், பிணம் அறுத்த கையோடு பிரசவம் பார்க்க வந்த மாணவர்களைக் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவ வைத்தார். கையில் ஒட்டிய பிண வாடை அதில்தான் போனது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்தார். கிருமி என்ற பேச்சே அப்போது கிடையாது. ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுத் தாய்மார்கள் இறந்த பிரிவில், ஜூனில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர். 1849இல் அவருடைய பணிக்காலம் முடிந்தபோது நீட்டிப்புக் கொடுக்கவில்லை. 1865இல் மனநலக் காப்பகம் ஒன்றில் இறந்தார். நிர்வாகம் என்றால் இப்படி இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் அவருக்கு இணையானவர் தொட்டி ஆபரேட்டர். அவர் அதிகாலையில் பவுடரைக் கரைத்து, தெளியவைத்து, ஊற்றி, கடைசித் தெருக் குழாயில் தண்ணீர் பிடித்து, குளோரோஸ்கோப்பில் இரண்டு சொட்டு விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்க்கிறார் என்றால் நிலைமை கைமீறுகிறது. லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தாலே போதும், குழாய் விரிசலில் புகுந்த சாக்கடைத் தண்ணீரோடு அது கடைசிவரை போராடிக்கொண்டே வரும். அதன் லேசான வாடை உங்கள் டம்ளரிலும் அடிக்கும்.

இந்த வாடையைக் குளியலறையில் காசு கொடுத்து வாங்கினீர்கள், சாலையோரத்தில் பார்த்துப் பெருமைப்பட்டீர்கள். டம்ளரில் மட்டும் விடாதீர்கள். “தண்ணியில மருந்து போட்டுட்டாங்க, காபி நல்லாயில்ல” என்று கிராம சபையில் எழுந்து நின்று பேசுங்கள். தலைவரிடம் மனுக் கொடுங்கள், வார்டு உறுப்பினரை விட்டு ஆபரேட்டருக்குப் போன் போடச் சொல்லுங்கள். அவருக்கு வீட்டில் வேறு வேலை இருக்கிறது. நாலு பேர் திட்டினால் நிறுத்திவிடுவார். மழைக்காலம் வந்து, தெருவில் வரிசையாக வயிற்றுப்போக்கு கண்டு, பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டால் குளோரின் மாத்திரை இலவசமாகக் கொடுப்பார்கள். வாங்கி அலமாரியில் வையுங்கள், போட்டுவிடாதீர்கள். அதிலும் அதே வாடைதான்.